தோல் பூட்ஸ் போடுகிறவர்களே, உள்ளே என்ன இருந்தது?

ஓசூர் ஷிப்ட்:
எட்டு மணி நேரமும் நின்றே செய்யும் வேலை எனக்கு. போன வருடம் தோல் பூட்ஸ் ஒன்று வாங்கினேன். கடையில் காலை விட்டதும் மெத்தையை மிதித்த மாதிரி இருந்தது, விலையைக்கூடப் பேசவில்லை. இரண்டே மாதம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் முள் குத்தும். பூட்ஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் எடையும் கொஞ்சம் அதிகம். ஆனால் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் உள்ளே உரித்துக் காட்டினார். மேலே தாள் மாதிரி நசுங்கிய ஸ்பாஞ்ச், அடியில் அட்டை. அதுவும் வேர்வையில் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. "மேல் தோலு நல்லாத்தான் இருக்கு தம்பி, உள்ளதான் ஏமாத்திட்டான்" என்றார். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

ஆம்பூர்க்காரன்:
ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பக்கம், அதாவது மேல் தோலை அச்சில் இழுத்துப் பொருத்துகிற வேலையில், ஒன்பது வருடம் இருந்தேன். அட்டை என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள் தம்பி. ஈரம் தாங்குகிற நல்ல செல்லுலோஸ் போர்டு இருக்கிறது, வெளிநாட்டுக்குப் போகும் ஜோடிகளிலும் அதைப் போடுகிறார்கள். உங்களுக்கு வாய்த்தது மட்ட ரகம்.

நல்ல வெல்ட் பூட்ஸில், அதாவது ஓரத்தில் வார் வைத்து சோலைத் தைத்த பூட்ஸில், உள் சோலே தடித்த தோலாக இருக்கும். மேல் பாகத்துக்குப் போடுகிற, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் இல்லை, பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். அது வேர்வையைக் குடிக்கும், மிதிக்க மிதிக்க நம் பாதத்தின் அச்சை வாங்கிக்கொள்ளும். அதற்கும் வெளி சோலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கார்க் நிரப்புவார்கள். அதுவும் அமுங்கி இடம் கொடுக்கும். ஆனால் முதல் சில வாரம் கட்டாந்தரையில் நடக்கிற மாதிரிதான். கடையில் ஐந்து நிமிடம் நடந்து பார்க்கிறவர் கை, ஸ்பாஞ்ச் வைத்த ஜோடிக்குத்தான் போகும். விற்கிறவருக்கும் அது தெரியும்!

இன்னொன்று, பூட்ஸை வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் நடுப்பாதத்தைத் தாங்குகிற ஷாங்க் என்ற விறைப்பான பட்டை உள்ளே இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனமில்லை.

பரண்:
என் கதை வேறு. பத்திரமாக இருக்கட்டும் என்று சென்னை வீட்டுப் பரணில் நாலு வருடம் வைத்திருந்தேன். மொத்தம் பத்து தடவைகூடப் போட்டதில்லை. மூணாறு போகும்போது எடுத்தேன். முதல் ஏற்றத்திலேயே அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. மிச்ச மலையை ரப்பர் செருப்பில் ஏறினேன்.

ஆம்பூர்க்காரன்:
அது பியூ சோல், பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் நுரை. காற்றில் இருக்கிற ஈரமே அதை மெல்லச் சிதைத்துவிடும். போட்டாலும் சரி, போடாமல் பூட்டி வைத்தாலும் சரி. சென்னைக் காற்றைச் சொல்லவும் வேண்டுமா?

ஓசூர் ஷிப்ட்:
அண்ணன் அந்த அட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டைத் தோல் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். முதல் வாரம் அவரைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். இப்போது குதிகால் பரவாயில்லை. தோல் கொஞ்சம் தடிமன் என்பதால் வலது பூட்ஸ்தான் இறுக்கிப் பிடிக்கிறது, மெல்லிய சாக்ஸுக்கு மாறிவிட்டேன்.