வீட்டுக்கே போட்டுப் பழகிய கை: மாகாண சபைத் தேர்தல் வந்தால் யாருக்கு?

குமுளமுனைக்காரன் (கேள்வி)

வணக்கம். நான் முல்லைத்தீவு, குமுளமுனை. அறுபதைத் தாண்டிவிட்டேன். முன்பு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவன், இப்போது தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் வயல் மட்டும். என் முதல் வாக்கு 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்கு. அப்புறம் போடக் கிடைத்த போதெல்லாம் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத்தான். பிள்ளைகள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். இருக்கட்டும், பஞ்சாங்கம் பார்த்துத்தானே நாள் வைத்து விதைக்கிறோம்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் என் மூத்தவன் திசைகாட்டிக்கு, அதுதான் இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு, போட்டான். மறைக்கவும் இல்லை, சாப்பிடும்போதே சொன்னான். அதில் எனக்குக் கோபம் கிடையாது, கவலைதான். மாகாண சபைத் தேர்தல் வைக்கப்போகிறோம் என்று அரசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது வந்தால் என்னைப் போன்ற ஒருவர் யாருக்குப் போடுவது என்பதுதான் கேள்வி. கட்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் வேண்டாம், அது எங்கள் சந்தியிலேயே கிடைக்கும்.

என் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே இரவில் நாட்டைத் திருத்துகிறேன் என்று வருகிறவர்களை நான் நம்புவதில்லை. 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது நாங்கள் விதைத்து முடித்துவிட்டோம். யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளடித்து நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அது செய்தது வேறு அரசு, சரி. ஆனால் கொழும்பில் ஒரு கையெழுத்து, இங்கே ஒரு போகம் போச்சு என்பது எந்த அரசுக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

இந்த அரசும் 2025 மார்ச் 28இல் ஒரு வர்த்தமானி போட்டதே. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. எங்களுடைய உறுதியும் பெர்மிட்டும் எங்கே இருக்கின்றன? 2009இல் ஒரு பையோடு மாத்தளன் வரை போனவர்களிடம் போய்க் கேட்கிறார்கள், பத்திரத்தைக் கொண்டுவா என்று. என் தகப்பனாரின் காணிக் கடதாசி எந்தப் பங்கருக்குள் கிடக்கிறதோ. பாதிப் பேர் வெளிநாட்டில், கொஞ்சப் பேர் உயிரோடே இல்லை. வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த பிறகுதான் அதைத் திரும்ப எடுத்தார்கள்.

அதனால்தான் மாகாண சபையைப் பற்றி யோசிக்கிறேன். வடக்கு மாகாண சபையின் 38 ஆசனத்தில் யாழ்ப்பாணத்துக்கு 16. கிளிநொச்சி 4, முல்லைத்தீவு 5, மன்னார் 5, வவுனியா 6, ஆக வன்னிக்கு 20. மிச்சம் 2 போனஸ். வன்னிக்காரனின் எண்ணிக்கை யாழ்ப்பாணத்தைவிடக் கூடுதலாக இருக்கும் சபை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. இப்போதைய ஆளுநர் வேதநாயகன் முன்பு முல்லைத்தீவில் அரச அதிபராக இருந்தவர், ஊர் தெரிந்தவர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நியமனம் நியமனம்தான். அவரை நாங்கள் மாற்ற முடியாது.

இப்போது என் சிக்கல். வீட்டுக்குப் போடலாம் என்றால், 2024 ஜனவரியில் தலைவரை வாக்கெடுத்துத் தெரிவு செய்துவிட்டு, அவர் பதவி ஏற்கு முன்னமே நீதிமன்றப் படியேறிய கட்சி அது. தெரிவானவர் கிளிநொச்சிக்காரர் என்பதையும் நாங்கள் கவனித்தோம். ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குக்குப் போடலாம் என்றால் அதற்குள் எத்தனை கட்சி என்று எண்ணவே ஒரு ஆள் வேண்டும். கஜேந்திரகுமார் கட்சியின் சைக்கிள் கொள்கை பேசும், ஆனால் வாய்க்கால் துப்புரவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. திசைகாட்டிக்கு மனம் வராது. வடக்குக் கிழக்கு இணைப்பைப் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் வென்றவர்கள் திசைகாட்டியை நடத்துகிற அதே ஜே.வி.பி. இப்போது சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் எனக்கு ஞாபகம் போய்விடுமா?

சொல்லுங்கள்.

நெடுங்கேணிப் பெடியன்

ஐயா, நான் உங்கள் மகன் வயதுக்காரன், திசைகாட்டிக்குப் போட்டவன். சண்டைக்கு வரவில்லை.

2006 வழக்கு எனக்கும் தெரியும். ஆனால் 2013இல் நீங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம் கொடுத்தீர்கள். அதைவிட ஒரு கட்சிக்கு என்ன வேண்டும்? 2017இல் அமைச்சர்மேல் விசாரணை, அப்புறம் முதலமைச்சர்மேலேயே நம்பிக்கையில்லாப் பிரேரணை. யார் சரி, யார் பிழை என்று பேசியே காலம் முடிந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பார்த்த மாகாண சபை அதுதான். "பழையது நல்லது" என்று சொல்ல எங்களுக்கு நல்ல பழையது ஒன்று வேண்டுமே.

2024 சிவராத்திரிக்கு வெடுக்குநாறி மலைக் கோயிலில் எட்டுப் பேரைப் பிடித்து மறியலில் வைத்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து மலை. அப்போது ஆட்சியில் இருந்தது திசைகாட்டி இல்லை. எங்கள் எம்.பி.மார் பேசினார்கள், கத்தினார்கள், அடுத்த நாள் பேப்பரில் படம் வந்தது.

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் மூடுகிற, ஒரு வாகனம் போக மறு வாகனம் காத்து நிற்கிற பாலம். எத்தனை அரசு வந்து போனது? 2025 வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கி, செப்டெம்பரில் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். பாலம் கட்டினால் இனப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாலம் பாலம்தான். வர்த்தமானியையும் திரும்ப எடுத்தார்களா இல்லையா? முந்தைய ஆட்கள் எடுத்திருப்பார்களா?

ரொறன்ரோ வன்னியன்

மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் கீழ் வரும் எந்தத் தேர்தலும் ஒற்றையாட்சியை ஏற்பதுதான். புறக்கணியுங்கள். யாருக்குப் போடுவது என்ற கேள்வியே பிழை.

உருத்திரபுரத்தாள்

ஐயாவின் எழுத்தை வாசித்தபோது என் அப்பா பேசுவது போலவே இருந்தது, அதனால் உரிமையோடு எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன்.

காணியை விடக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் எங்கள் குடியேற்றத் திட்டக் காணிகளின் கதையையும் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு அரசு கொடுத்த பெர்மிட் காணி. அவர் பின்னுரித்தாளர் பெயர் போடாமல் கண்ணை மூடிவிட்டார். அந்தக் காலத்துச் சட்டப்படி ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம். மூத்த மாமாவுக்குப் போனது. அந்தக் காணியில் களை பிடுங்கி, நாற்று நட்டு, இடம்பெயர்ந்து திரும்பி வந்து கொட்டில் போட்டது என் அம்மா. அம்மாவுக்கு ஒரு பரப்பும் இல்லை. அந்தச் சட்டத்தை 2022இல்தான் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். கொழும்பில் ஒரு கையெழுத்துத்தான் அதுவும். எங்கள் அம்மாவுக்குப் பிந்திவிட்டது, என் மகளுக்கு உதவும். ஆகவே கொழும்பிலிருந்து வருவதெல்லாம் கேடு என்று நான் எழுதமாட்டேன், ஐயா குறை நினைக்க வேண்டாம்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. சாராயக் கடை. 2024இல் கொடுத்த புதிய மதுபான அனுமதிகளின் பட்டியலை அந்த வருடம் டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிட்டார்கள். கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. யாழ்ப்பாணத்தைவிடக் கூட. ஏ9 வீதியில் போகிறவருக்கு இது புதினம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிறது. என் வகுப்பில் மாதக் கடைசியில் கொப்பி இல்லாமல் வருகிற பிள்ளைகளின் வீட்டுக் கதையைக் கேட்டால் பாதி அங்கேதான் போய் முடியும். இதற்கு யார் யார் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள் என்று எல்லாக் கட்சியும் மற்றக் கட்சியைக் காட்டியது. தேசியம் பேசிய மேடையில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் பதில் சின்னம் இல்லை. பழைய முறைப்படி நடந்தால் மாகாண சபையில் விருப்பு வாக்கு இருக்கிறது, மூன்று பேருக்குப் போடலாம். வேட்பாளர் பட்டியல் வரட்டும். ஊரில் இருக்கிற ஆளா, காணிக் கச்சேரிக்கு (காணி விசாரணைக்கு) பெண்களோடு கூடப் போன ஆளா, கடை அனுமதிக்கு எதிராகக் கையெழுத்து வைத்த ஆளா என்று பார்ப்போம்.

குமுளமுனைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. முதலில் ரொறன்ரோத் தம்பிக்கு: 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை நாங்கள் புறக்கணித்தோம். மகிந்த ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வந்தார். அதன் பிறகு நடந்ததை நாங்கள் இங்கே இருந்து பார்த்தோம். இதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

பிள்ளை உருத்திரபுரம், உங்கள் அம்மாவின் கதை எங்கள் ஊரிலும் உண்டு. நான் காக்கச் சொல்வது காணி ஊர்க்காரரிடம் இருப்பதை. மூத்த ஆணுக்கு மட்டும் என்ற பெர்மிட் விதி எங்கள் வழமையே இல்லை, பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதுகிற சனம் நாங்கள். அந்த விதி வெள்ளைக்காரன் 1935இல் போட்ட சட்டத்தோடு வந்தது. அதைத் திருத்தியது நல்லதுதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது: 13ஆம் திருத்தத்திலேயே தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்க வேண்டும், மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1987இலிருந்து இன்றுவரை எந்த அரசும் அமைக்கவில்லை. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, எழுதி வைத்ததைச் செய் என்கிறேன். என் பழமைவாதம் அவ்வளவுதான்.

சாராயக் கடை விடயம் நான் எழுதியிருக்க வேண்டியது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து வருகிற சனத்தைப் பாருங்கள், பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல் சடங்கு தொடங்கினால் எல்லாக் கட்சிக்காரரும் மச்ச மாமிசம் நிறுத்தி விரதம் இருக்கிறார்கள். அம்மனுக்குப் பயம், அடுத்த நாள் அனுமதிப்பத்திரத்துக்குப் பயம் இல்லை.

நெடுங்கேணித் தம்பி, 2013 சபையைப் பற்றிச் சொன்னதை மறுக்கமாட்டேன். அதில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் சபை சரியாக நடக்கவில்லை என்றால் ஆட்களை மாற்றுவதா, சபையையே பூட்டி வைப்பதா? 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது, ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, தேர்தலும் இல்லை. உங்கள் அரசுக்கு 225இல் 159 ஆசனம் இருக்கிறது. பழைய முறைப்படி நடத்து என்று ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவர இது போதாதா? பாலத்துக்கு நன்றி சொல்கிறேன், மனதார. பாலத்துக்குக் காட்டிய வேகத்தை இதற்கு ஏன் காட்டவில்லை?

நெல்லையும் பாருங்கள். 2025 பெப்ரவரி 5ஆம் திகதிதான் விலை அறிவித்தார்கள், நாடு ரக நெல் கிலோ 120 ரூபா என்று. அதற்கு முன்னமே வெட்டியவர் களத்திலேயே கொடுத்துவிட்டார். நானும் ஒரு பகுதியை ஒரு வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்தேன். வெட்டு மெசின்காரன் காசுக்கு வாசலில் நிற்பானே. அடுத்த மாதம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொல்லி எல்லோருக்கும் ஐந்து நிமிடம் தந்தார்கள். எண்ணினோம். குரங்கு இன்னும் தென்னையில்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024 நவம்பரில் 6 ஆசனம். திசைகாட்டி 2, மற்ற நாலு கட்சிக்கும் ஆளுக்கு 1. திசைகாட்டி எடுத்த வாக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்த இரண்டாவது ஆசனம் அதிக வாக்கு எடுத்த கட்சிக்குக் கிடைக்கும் போனஸ். வீடும் சங்கும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் அது அங்கே போயிராது. உங்கள் வெற்றியைக் குறைக்க எழுதவில்லை, எங்கள் ஆட்களின் மூளையை நினைத்து எழுதுகிறேன்.

ஆகவே என் முடிவு இப்போதைக்கு இது. வீடும் சங்கும் ஒன்றாக நின்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தனித்தனியாக வந்தால் பிள்ளை சொன்னது போல ஆளைப் பார்ப்பேன், சின்னத்தைப் பார்க்கமாட்டேன். அந்த ஆள் திசைகாட்டியில் நின்றால்? அதை என் மூத்தவனிடம் சொல்லாதீர்கள், யோசிக்க வேண்டும்.

நெடுங்கேணிப் பெடியன்

ஐயா, போனஸ் கணக்கு சரிதான், நானும் பார்த்தேன். மாகாண சபையில் அந்த 2 போனஸும் மாவட்டத்துக்கு மாவட்டமா கொடுப்பார்கள்?

குமுளமுனைக்காரன்

இல்லைத் தம்பி. பழைய முறைப்படி மாகாணம் முழுவதையும் கூட்டிப் பார்த்து, அதிக வாக்கு எடுத்த கட்சிக்கே இரண்டும். 2013இல் கூட்டமைப்பு மாவட்டங்களில் எடுத்தது 28, போனஸோடு சேர்த்துத்தான் 30.