புல்லறுக்கப் போகிறவர்களுக்கே காய்ச்சல்: எந்தத் துறையிடம் போவது?

குடியாத்தம் வட்டம், மகளிர் குழு உறுப்பினர்
ஐப்பசி மழை விட்டதும் மாட்டுக்குப் புல்லறுக்கப் போகும் பெண்கள் எங்கள் ஊரில் காய்ச்சலில் விழுகிறார்கள். என் அண்ணிக்கு இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல் என்றார்கள், மாத்திரையில் தேறிவிட்டார். ஆனால் கால்வாய்க் கரைப் புதர் அப்படியே நிற்கிறது. மருந்து தருகிறவர்கள் புதரை ஊராட்சியிடம் சொல்லச் சொல்கிறார்கள். ஊராட்சியோ எலித் தொல்லைக்கு வேளாண்மைத் துறையைக் கைகாட்டுகிறது. பயிர்ச்சேதம் இருந்தால் வருகிறோம் என்கிறார்கள் அவர்கள். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவைக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், அணைக்கட்டு
உண்டு அம்மா, கிராம சபை. அக்டோபர் 2 கூட்டம் காய்ச்சல் மும்முரமாகும் முன்பே வருகிறது. அதை விட்டால் நவம்பர் 1. தீர்மானத்தில் எந்தத் துறை எந்த வேலையை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதவையுங்கள். பொதுவாக "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

இன்னொன்று. அந்தப் பொருக்கு வலிக்காது. அக்குளிலோ மார்புக்குக் கீழோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும். பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் பொருக்கு வருவதும் இல்லை. இந்தக் காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். "புல்லறுக்கப் போனேன்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

விரிஞ்சிபுரம் உழவர்
எலியை மட்டும் ஒழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கடித்து இந்தக் காய்ச்சலைத் தருவது கண்ணுக்கு எளிதில் படாத உண்ணிப் பூச்சியின் குஞ்சு. கிருமி தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அந்தக் குஞ்சு எலியின் மேல் ஒட்டித்தான் தீனி எடுக்கிறது. ஆகவே புதர் வெட்டுவதும் எலி பிடிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். எலிக்கு நாங்கள் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் பொறி வைக்கிறோம். வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டிருக்கிறோம். வரப்பை அகலமாக விட்டால் வளை பெருகும், குறுக்கிக் கட்டுங்கள்.

குடியாத்தம் வட்டம், மகளிர் குழு உறுப்பினர்
நன்றி அம்மா, நன்றி அண்ணா. மனுவில் மூன்று வேலையையும் தனித்தனியாக எழுதுகிறேன்: கரைப் புதர் ஊராட்சிக்கு, எலி வேளாண்மைக்கு, காய்ச்சல் கணக்கெடுப்பு சுகாதாரத்துக்கு. புதர் வெட்டப் போகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் காலுறையும் ஊராட்சியே தர வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். அவர்களும் எங்கள் பெண்கள்தானே.