அவசரம்: ஸ்டூ அடிப்பிடிக்குது, ராஜ்மா வேகவே மாட்டேங்குது. பாத்திரத்தை மாத்தணுமா?

புதுச்சட்டி
அடுப்புல இருக்கும்போதே எழுதறேன், சீக்கிரம் சொல்லுங்க. ராஜ்மாவும் கறியும் போட்டு கெட்டியா ஒரு ஸ்டூ. மூணு மணி நேரமாச்சு. அடியில கருகிப் பிடிச்சிருக்கு, ராஜ்மா கடிச்சா நறுக்குனு இருக்கு. தீ குறைவாத்தான் வச்சேன். பாத்திரம் புதுசு, நல்ல கனம். இதைத் தூக்கிப் போட்டுட்டு வார்ப்பிரும்பு வாங்கிடவா?

தணல்
முதல்ல அடுப்பை அணைங்க. கரண்டி விட்டு அடியைச் சுரண்டாதீங்க. மேலாக இருக்கறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மொண்டு மாத்துங்க. கருகினது கலந்துட்டா மொத்தமும் தீய்ஞ்ச வாடை அடிக்கும், அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது.

அப்புறம் இதெல்லாம் சொல்லுங்க: கேஸா, இண்டக்‌ஷனா? பாத்திரம் என்ன உலோகம், அடி எத்தனை செ.மீ.? தக்காளி எப்போ போட்டீங்க? மாவு ஏதாவது சேர்த்தீங்களா? குக்கர் இருக்கா?

இரும்புச்சட்டி
வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். எனாமல் பூசின வார்ப்பிரும்பு, 5 லிட்டர், கனமான மூடி. ஸ்டூ மாதிரி மணிக்கணக்கா வேகறதுக்கு அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. ஸ்டீல்ல வச்சா அடிப்பிடிக்கத்தான் செய்யும்.

பயறுப்பானை
பாத்திரத்துல ஒண்ணும் இல்லைங்க, பிரச்சினை ராஜ்மாவுல. எத்தனை மணி நேரம் ஊறினது? பழைய சரக்கா? உங்க தண்ணி உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? பழைய ராஜ்மாவும் சுண்ணாம்பு மிகுந்த தண்ணியும் சேர்ந்தா எந்தப் பாத்திரத்துலயும் வேகாது.

அடுத்த தடவை 1 லிட்டர் தண்ணிக்கு 15 கிராம் உப்பு கரைச்சு, அதுல 8 முதல் 12 மணி நேரம் ஊற வைங்க. உப்பு போட்டா பயறு வேகாதுன்னு பலர் நம்பறாங்க, நடக்கறது நேர்மாறு. தோல்ல இருக்கற கால்சியம், மெக்னீசியத்தோட இடத்துல சோடியம் போய் உட்காரும், தோல் சீக்கிரம் இளகும்.

அடுக்களை ஆசான்
கேள்வியை ஒழுங்காகக் கேட்டால்தான் ஒழுங்கான பதில் வரும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். “நல்ல கனம்” என்பது ஓர் அளவா? பாத்திரத்தின் எடை வேறு, அடித்தகட்டின் தடிமன் வேறு. “தீ குறைவு” என்றால் எத்தனை வாட்? விவரமே இல்லாமல் ஆளுக்கொரு மருந்து சொல்வதும் தவறு.

புதுச்சட்டி
இண்டக்‌ஷன், 300ல வச்சேன். ஸ்டீல், அடி 26 செ.மீ. கறியை மாவுல பிரட்டி வறுத்துட்டு தக்காளி, ராஜ்மா, தண்ணி எல்லாம் ஒண்ணாப் போட்டேன். ராஜ்மா ரெண்டு மணி நேரம் ஊறினது. கறி வெந்துடுச்சு. குக்கர் இருக்கு.

தணல்
இப்போ புரியுது. ரெண்டு தனித்தனி கோளாறு இது.

ராஜ்மா வேகாததுக்குக் காரணம் தக்காளி. புளிப்புல பயறோட செல்சுவர் இளகாம இறுகியே நிக்கும். ஊறினதும் போதலை. நறுக்குனு இருக்கறதை அப்படியே சாப்பிட்டுடாதீங்க. சிவப்பு ராஜ்மாவுல இயற்கையாவே ஒரு நச்சுப்புரதம் உண்டு, நல்லாக் கொதிச்சாத்தான் அழியும். இளஞ்சூட்டுல மணிக்கணக்கா வைக்கறது போதாது, குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும். வயித்தைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கறது அதுதான்.

இப்போ செய்ய வேண்டியது: ராஜ்மாவை மட்டும் அரிச்செடுத்துக் கழுவுங்க. குக்கர்ல வெறும் தண்ணி, அரை ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. பாதிக்கு மேல நிரப்பாதீங்க, நுரை வந்து வால்வை அடைக்கும். அழுத்தம் ஏறினப்புறம் 12 நிமிஷம், ஆவி தானா அடங்கட்டும். சோடா சிட்டிகைக்கு மேல போனா வழவழன்னு ஆகி சோப்பு ருசி வந்துடும். ஸ்டூவை மொத்தமா குக்கர்ல கொட்டாதீங்க, மாவு கலந்தது அங்கேயும் பிடிக்கும்.

அடிப்பிடிச்சது சுருளாலயும் (அடுப்புக்குள்ள இருந்து பாத்திரத்தைச் சூடாக்கற கம்பிச்சுருள்) மாவாலயும். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு பலதுல கண்ணாடி மேல வரைஞ்ச வட்டத்தைவிட உள்ள இருக்கற சுருள் சின்னது. 26 செ.மீ. அடியில நடுப்பகுதி மட்டும் காயும். 300 வாட்னு காட்டினாலும் பல அடுப்புகள் தொடர்ந்து 300 தராது. பெரிய பவர்ல சில நொடி ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். தண்ணியா இருந்தா சூடானது மேலேறி ஆறினது கீழ இறங்கும். மாவு கெட்டியானதும் அந்த ஓட்டம் நின்னுடும், நடுவுல இருக்கறது அங்கேயே தீயும்.

சோதிச்சுப் பாருங்க: பாத்திரத்தைக் கழுவினப்புறம் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி ஊத்தி நடுத்தரமா காய விடுங்க. குமிழி எங்கே முதல்ல கிளம்புதோ அதுதான் சுருளோட அளவு. ஸ்கேல் வச்சு அளந்துக்கங்க.

இனிமே மாவைக் கடைசி 20 நிமிஷத்துல கரைச்சு விடுங்க. தக்காளி ராஜ்மா வெந்தப்புறம்.

மூவடுக்கு
தணல் சொன்னதுக்கு அப்புறமும் வார்ப்பிரும்பு வாங்கினா காசுக்குக் கேடு. சூட்டைக் கடத்தறதுல தாமிரம் 400 கிட்ட, அலுமினியம் 200க்கு மேல, வார்ப்பிரும்பு சுமார் 50, துருப்பிடிக்காத ஸ்டீல் 15தான் (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கு). சின்னச் சுருள் மேல வார்ப்பிரும்பு வச்சா நடு கொதிக்கும், ஓரம் சும்மா கிடக்கும். நடுவுல அலுமினியம் வச்ச மூவடுக்கு ஸ்டீல்தான் சரி.

இரும்புச்சட்டி
கடத்தறது ஒண்ணுதான் கணக்கா? அடுப்பு விட்டு விட்டு ஓடுதுன்னு தணலே சொல்றார். 5 கிலோ இரும்பு அந்த ஏத்த இறக்கத்தை வாங்கிக்கும், மெல்லிசு ஸ்டீல் வாங்காது. மூடியோட ஓவன்ல 150 டிகிரி செல்சியஸ்ல வச்சா எல்லாப் பக்கமும் சூடு வரும், சுருள் பேச்சே இல்லை.

மூவடுக்கு
அவர் ஓவன் இருக்குன்னு சொன்னாரா?

அடுக்களை ஆசான்
கடத்துதல் வேறு, தேக்கி வைத்தல் வேறு. இருவரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். எனாமல் பாத்திரத்தை இண்டக்‌ஷனில் வெறுமனே முழு வேகத்தில் காய வைத்தால் பூச்சு வெடிக்கும், அதையும் சொல்லிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். எதை வாங்கினாலும் அடியின் விட்டம் சுருளைவிட 3, 4 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. 5 லிட்டர் வேண்டுமென்றால் அகலத்தில் தேடாதீர்கள், உயரத்தில் தேடுங்கள்.

பயறுப்பானை
தண்ணி எப்படின்னு அவர் இன்னும் சொல்லலை. கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதான்னு பாருங்க, தெரிஞ்சுடும்.

புதுச்சட்டி
ராஜ்மா வெந்துடுச்சு, பூ மாதிரி நசுங்குது. ஸ்டூவுல வாடை ஏறலை. தண்ணி ஊத்திப் பார்த்தேன், நடுவுல சின்ன வட்டம்தான் கொதிக்குது. கருகினது போக மாட்டேங்குது. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

தணல்
கருகினதுக்கு: மூழ்கற அளவு தண்ணி, ரெண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா, 10 நிமிஷம் கொதிக்க விட்டு அப்படியே ஆற விடுங்க. மரக்கரண்டியால தள்ளினா தகடா உரியும். கம்பி நார் வேண்டாம்.

அந்த வட்டம் எத்தனை செ.மீ. வந்தது? பாத்திரம் அதை வச்சுத்தான் சொல்ல முடியும்.

இரும்புச்சட்டி
ஓவன் இருக்கா, அதையும் சொல்லுங்க.