டிஃபரன்ஷியல் ஊளை: பினியன் பேரிங்கா, பல் தேய்மானமா?

நண்பர்களே, ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் 600 கிலோ காரில் பின் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) ஊளையிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மெல்லிய ரீங்காரம். காலை எடுத்தால் அதுவே கரகரப்பாகிறது. நியூட்ரலில் உருளவிட்டாலும் போகவில்லை, அதனால் இன்ஜின் மேல் சந்தேகம் இல்லை.

ஆயிலை வடித்துப் பார்த்தேன். ட்ரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம்தான். இந்த முறை அதை விரலில் தேய்த்தபோது மூன்று சின்னச் செதில்கள் மினுங்கின. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. புது 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றியும் சத்தம் குறையவில்லை.

சென்ற சீசனில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு அலுமினிய மவுண்ட் போட்டேன். அது சத்தத்தை நேராக சேஸிக்குக் கடத்தும், சரி. ஆனால் செதில் அதனால் வராதே!

காலை எடுக்கும்போது கரகரப்பு கூடினால், பினியன் (கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) பேரிங்கில் ப்ரீலோட் (பேரிங்கை ஆட்டமில்லாமல் வைக்கும் இறுக்கம்) தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (இரண்டு பல்சக்கரங்களின் பற்களுக்கு இடையிலான ஆட்டம்) அளந்து, அப்புறம் கிரவுன் வீல் பற்களில் மார்க்கிங் பேஸ்ட் பூசி, பற்கள் ஒன்றோடொன்று தொடும் தடம் பார்க்கப் போகிறேன். பேரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷிம்மையே (பினியனின் இடத்தைச் சரியாக அமைக்கும் மெல்லிய தகட்டு வளையம்) போட்டவர்கள் இருக்கிறீர்களா? பல் தடம் சரியாக அமைந்ததா? பினியன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் பயத்தோடு வளைவில் இறங்க எனக்கு மனமில்லை.