நான் வாங்காத கடன், என் பெயரில்: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

போன ஆடியில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "மேடம், இந்த நாலாயிரத்து எண்ணூறை ஏன் கட்டாம விட்டீங்க?" என்றார். ஏதோ ஒரு கடன் செயலியில் என் பான் எண்ணை வைத்து யாரோ எடுத்த கடன். பதினாலு மாத பாக்கி. என் கடன் ஸ்கோர் 611. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு தவணை தவறியதில்லை நான். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது கூனிக் குறுகிப் போனேன்.

வீட்டுக்கு வந்து என் கடன் ரிப்போர்ட்டை முழுதாக டவுன்லோடு செய்தேன். பெயர், பிறந்த தேதி, பான் மூன்றும் என்னுடையவை. முகவரி நான் கால் வைக்காத ஒரு வடநாட்டு ஊர். செல் நம்பர் யாருடையதோ. இத்தனை மாதமாக எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஓடிபி போனதே அந்த நம்பருக்குத்தான். என் கணக்கிலிருந்து ஒரு பைசா போகவில்லை. பாஸ்புக்கை எத்தனை முறை புரட்டினாலும் இது தெரிந்திருக்காது.

எங்கே கசிந்தது என்று தேடி அலுத்துவிட்டேன். பான் நகலை எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! 2021-ல் ஏர் இந்தியா பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரம் போனது. 2024-ல் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டுதாரர்களின் மருத்துவ ரிப்போர்ட்டும் அடையாள அட்டை நகலும் டெலிகிராமில் கிடைத்தன. அவர்களில் எத்தனை பேர் தங்கள் கடன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்களோ.

அந்த ரிப்போர்ட்டைத் தரும் சிபில் நிறுவனத்தில் புகார் போட்டேன். அவர்கள் கடன் கொடுத்தவரிடம் கேட்க, "சரிபார்த்தோம், சரியாக உள்ளது" என்று ஒரு வரி பதில். அழுகையே வந்துவிட்டது. சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிந்து, போலீஸ் ஸ்டேஷனில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினேன். பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இரண்டே கேள்வி எழுதினேன்: பணத்தை எந்த வங்கிக் கணக்கில் போட்டீர்கள்? கடன் வாங்கியவரின் போட்டோ எங்கே? முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதையும் குறிப்பிட்டேன். போட்டோவை அனுப்பினார்கள். மீசை வைத்த ஒரு பையனின் செல்ஃபி. பான் கார்டில் ஒரு பெண்ணின் பெயர்!

இந்தியாவில் இப்படி ரிப்போர்ட் தருபவர்கள் நான்கு பேர்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு இரண்டில் அந்தக் கடன் இருந்தது.

தென்காசியிலிருந்து ஒரு பதில்

அக்கா, எங்க அம்மாவுக்கு வேற மாதிரி. அம்மாகிட்ட இருக்கறது பட்டன் போன், ஏ.டி.எம். கார்டு கிடையாது. ஆனாலும் கணக்குல இருந்து பத்தாயிரம், பத்தாயிரமா ரெண்டு தடவை போயிடுச்சு. ஆதாரும் கைரேகையும் வச்சு எடுக்கற முறைக்கு ஓடிபியே வேண்டாமாம். மறுநாளே வங்கியில எழுதிக் கொடுத்தோம். மூணு வேலை நாளுக்குள்ள சொன்னதால பணம் திரும்பி வந்துச்சு. இப்ப எம்ஆதார் செயலியில கைரேகையைப் பூட்டி வச்சிருக்கேன். ரேஷன் கடைக்குப் போற அன்னைக்கு மட்டும் திறந்து விடுவேன்.

ஒசூரிலிருந்து

சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தேன். மூன்று காட்டியது. என்னிடம் இருப்பது இரண்டு. மூன்றாவதை 'என் நம்பர் இல்லை' என்று பதிந்துவிட்டேன்.

முதலில் எழுதியவர்

தென்காசித் தம்பி, அம்மா கணக்கில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் வைத்துவிட்டு மீதியை வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். ஓசூர்க்காரர் சொன்னதைப் படித்ததும் நானும் பார்த்தேன், என் பெயரில் வேறு சிம் இல்லை.

நேற்று புது ரிப்போர்ட் வந்தது. கடன் நீங்கிவிட்டது. வீட்டுக் கடன் மனுவை மறுபடி கொடுத்திருக்கிறேன். ஆனால் என் பெயருக்குக் கீழே அந்தப் பையனின் நம்பர் இன்னும் இருக்கிறது. இன்று காலை அதற்கும் ஒரு புகார் போட்டேன்.