98.2% பொருத்தம்: என் தட்டில் வளர்ந்திருப்பது புது இனமா?

செம்மண்:
வணக்கம். வேரை ஒட்டிய மண்ணை நீர்த்து ஆர்2ஏ (சத்து குறைந்த வளர்ப்பூடகம்) தட்டில் பரப்பி, 28 டிகிரியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். கடைசி வாரத்தில்தான் ஊசிமுனை அளவில் இளஞ்சிவப்புப் பாக்டீரியாக் காலனிகள் தலைகாட்டின. ஒன்றை எடுத்து, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசை பார்த்தேன். கிடைத்தது 720 எழுத்து. தேடினால் மிக நெருக்கமான இனத்தோடு 98.2%தான் பொருந்துகிறது. 98.65-க்குக் கீழே இருந்தால் புது இனம் என்று படித்திருக்கிறேன். கைடு "எழுத ஆரம்பி" என்கிறார். எனக்குத்தான் உதறுகிறது. இதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டலாமா?

வரிசைக்காரன்:
720 போதாது. அந்த மரபணுவே ஏறக்குறைய 1,500 எழுத்து. உங்களுக்குக் கிடைத்த பாதியில் அதிகம் மாறும் பகுதிகள் கூடுதலாக இருந்தால் சதவீதம் சும்மாவே குறையும். 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (படிப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. குறுந்துண்டுகள்) இரு முனையிலிருந்தும் முழுதாகப் படியுங்கள். ஒப்பிடும்போதும் வகைமாதிரித் திரிபுகளோடு (ஓர் இனத்தின் பெயருக்கு அடையாளமாகப் பதிவான வளர்ப்புகள்) மட்டும் ஒப்பிடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் ஒட்டி வரிசையை ஏற்றியிருப்பார்கள்.

பழைய தட்டு:
சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் குரோமட்டோகிராம் கோப்பை (ஒவ்வோர் எழுத்தும் ஒரு வண்ணச் சிகரமாகத் தெரியும் வரைபடம்) திறந்து, எழுத்துகளை விட்டுவிட்டுச் சிகரங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறதா, அடியில் வேறு நிறத்தில் குட்டிச் சிகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

பட்டவள் சொல்கிறேன். ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எனக்கும் ஒரு மஞ்சள் காலனி வாய்த்தது. 97.1%. பெயரைக்கூட முடிவு செய்து நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்துக் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஊதாக் கோல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடிக் கோல்கள். ஒரு காலனிக்குள் இரண்டு பேர் குடித்தனம்! வரிசையும் இரண்டின் கலவைதான். எந்தச் சிகரம் உயரமோ அதை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. உலகத்திலேயே இல்லாத ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்திருந்தேன்.

இரட்டைச் சிகரம் என்றாலே கலப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே செல்லில் இந்த மரபணு பல பிரதிகளாக இருக்கலாம், ஈ. கோலையில் 7 இருக்கிறது. பிரதிகளுக்குள் ஓரெழுத்து மாறியிருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் இரட்டை தெரியும். வரிசை நெடுக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது தனித்து நிற்கும் காலனியிலிருந்து மட்டும் எடுத்து, குறைந்தது மூன்று முறை மறுபடி ஸ்ட்ரீக் செய்யுங்கள் (புதுத் தட்டில் கோடிழுத்துப் பிரியுங்கள்). மெதுவாக வளர்வது என்பதால் சுற்றுக்கு மூன்று வாரம் போகும், வேறு வழியில்லை.

அப்புறம், அந்த 98.65 ஒரு பக்கம்தான் வெட்டும். அதற்குக் கீழே போனால் புது இனம் என்பது பெரும்பாலும் சரி. மேலே இருப்பதாலேயே பழைய இனம் என்பது தப்பு. பேசில்லஸ் சப்டிலிஸையும் பேசில்லஸ் வெலசென்சிஸையும் பாருங்கள்: 16எஸ் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்று, மரபணுத்தொகையோ எங்கேயோ இருக்கிறது. தீர்ப்பு முழு மரபணுத்தொகையில்தான். நெருங்கிய இனத்தோடு ஒப்பிட்டால் ஏ.என்.ஐ. (இரு மரபணுத்தொகைகளின் சராசரி ஒற்றுமை) 95–96 சதவீதத்துக்குக் கீழே, கணினிவழி டி.என்.ஏ. இணைவு மதிப்பு 70 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கொழுப்பு அமிலம், குயினோன், துருவ லிப்பிடு என்று செல்லின் வேதிப்பொருள்களைப் பார்ப்பதெல்லாம் அதன் பிறகு. சலிப்பான வேலை, ஆனால் மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள்.

செம்மண்:
கோப்பைத் திறந்து பார்த்தேன் அக்கா. 300-ஆவது எழுத்துக்குப் பிறகு பாதி இடங்களில் அடியில் பச்சைச் சிகரம் இருக்கிறது. கைடிடம் இன்னும் சொல்லவில்லை. சரி, சுத்தமாகி வந்து உண்மையிலேயே புதுசு என்றால் அடுத்து என்ன?

வரிசைக்காரன்:
வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு நுண்ணுயிர் வளர்ப்புச் சேமிப்பகங்களுக்கு உயிருள்ள திரிபை அனுப்பி, சான்றிதழ் வாங்க வேண்டும். யார் கேட்டாலும் தரலாம் என்ற நிலையில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை வந்தாலும் பெயர் செல்லாது. புதுப் பெயர்களை ஏற்கும் அதிகாரபூர்வ இதழ் ஐ.ஜே.எஸ்.இ.எம். வேறு இதழில் வெளியிட்டால், அதன் ஏற்புப் பட்டியலில் இடம்பெற்ற பிறகே பெயர் செல்லும். வளரவே மறுக்கும் பாக்டீரியாவுக்கு, மரபணுத்தொகையையே வகைமாதிரியாக ஏற்கும் ‘சீக்கோட்’ என்ற தனி விதித்தொகுப்பு 2022-இல் வந்திருக்கிறது. உங்களுடையது தட்டில் வளர்கிறதே, பழைய வழியே போதும்.

பழைய தட்டு:
பெயர் வைக்கும் நாள் வந்தால் லத்தீன் பாலைப் பாருங்கள். ‘பாக்டர்’ என்று முடிந்தால் ஆண்பால், ‘மோனஸ்’ பெண்பால், ‘பாக்டீரியம்’ அஃறிணை மாதிரி மூன்றாவது பால். இனப்பெயர் அதற்கேற்ப வால் மாற்றும். என் கட்டுரை ஒன்று இதற்காகவே திரும்பி வந்தது.

காலனி சோம்பலாக வளர்ந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். பாஸ்பேட்டையும் அகாரையும் (தட்டைக் கெட்டியாக்குவது) தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் வேகவைத்து), பிறகு கலந்து ஊற்றுங்கள். சேர்த்து வேகவைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மண் பாக்டீரியாக்களில் பல அதைத் தாங்காது.

இன்றைக்கே அந்தக் கலப்புக் காலனியைக் கிளிசராலில் இரண்டு குழாயாக மைனஸ் 80-இல் வையுங்கள். பிரிக்கும்போது இளஞ்சிவப்பு தனியாக வளர மறுத்தால், துணையோடு இருந்த நிலைக்குத் திரும்பிப் போக அது வேண்டும்.

செம்மண்:
வைத்துவிட்டேன். இரண்டு குழாயிலும் ‘கலப்பு’ என்றே எழுதியிருக்கிறேன்.