மூளை ஆர்டர் போடாம இதயம் எப்படி தானா துடிக்குது?

அரைகுறை:
வெளிய எடுத்த இதயம்கூட கொஞ்ச நேரம் துடிக்கும்னு படிச்சேன், நரம்பே இல்லாம எப்படி? அப்புறம் கரண்ட் மேல இருந்து கீழ வருதுன்னா மொத்த இதயமும் ஒண்ணா சுருங்கிடாதா? புரியுற மாதிரி சொல்லுங்கப்பா

லீடு2:
மூளை வேகத்த கூட்டி குறைக்குது, அவ்ளோதான். வலது மேல் அறையில எஸ்ஏ நோடுன்னு ஒரு சின்ன செல் கூட்டம் இருக்கு, அதுக்குள்ள சோடியம் மெதுவா கசிஞ்சு வந்துகிட்டே இருக்கும், வோல்டேஜ் ஏறி ஒரு அளவ தொட்டதும் கால்சியம் உள்ள பாயும், ஒரு துடிப்பு கிளம்பும், மறுபடி முதல்ல இருந்து. விட்டா நிமிஷத்துக்கு 100 போகும், மூளையில இருந்து வர்ற வேகஸ் நரம்புதான் 70 பக்கம் இழுத்துப் பிடிக்குது. இதய மாற்று ஆபரேஷன்ல அந்த நரம்பு அறுந்துடுறதால அவங்களுக்கு சும்மா உக்காந்திருந்தாலே பல்ஸ் 90, 100னு ஓடும்.

நார்க்கட்டு:
ரெண்டாவது கேள்விதான் சூப்பர் கேள்வி. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல நார்த்திசு தடுப்பு இருக்கு, கரண்ட் கடத்தாது, ஏவி நோடுன்னு அந்த எல்லைகிட்ட இருக்கற இன்னொரு செல் கூட்டம் வழியா மட்டும்தான் கீழ இறங்க முடியும். அங்க வேகம் செகண்டுக்கு வெறும் 5 செமீ சொச்சம், சுமார் 0.1 செகண்ட் லேட் ஆகும், அந்த கேப்லதான் மேல் அறை மிச்ச ரத்தத்த கீழ தள்ளி முடிக்குது. இசிஜில சின்ன மேடு வந்து அப்புறம் கோடு சமமா போகுதே, அதுல பாதிக்கு மேல இந்த காத்திருப்புதான். ஏவி நோட தாண்டிட்டா ஹிஸ் கட்டு, ரெண்டு பக்க கிளை, புர்கிஞ்சி நார்னு கரண்ட் கடத்துற ஒயர் மாதிரி இழைங்க இருக்கு, புர்கிஞ்சில செகண்டுக்கு 2-4 மீட்டர்ல பறக்கும், அதனால கீழ் அறை முழுக்க கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சுருங்கும், அதுலயும் நுனிப்பக்கம் கொஞ்சம் முந்திக்கும், ரத்தம் வெளிய போற வாசல் மேலதானே இருக்கு.
வேடிக்கை என்னன்னா இந்த ஏவி நோட தவாராங்கற ஜப்பான்காரர் 1906லயே விவரிச்சுட்டார், எல்லாத்தையும் ஆரம்பிச்சு வைக்கிற எஸ்ஏ நோடு அடுத்த வருஷம்தான் சிக்குச்சு.

அரைகுறை:
செம. எஸ்ஏ நோடு படுத்துட்டா ஆளு காலியா?

லீடு2:
உடனே இல்ல, ஏவி நோடு பக்கம் 40-60ல பொறுப்பெடுத்துக்கும், அதுவும் போனா புர்கிஞ்சி 20-40ல ஓட்டும். ஆனா அந்த ஸ்பீடுல தலை சுத்தும், மயக்கம் வரும், பேஸ்மேக்கர் வைக்கறது இதுக்குத்தான்.

நார்க்கட்டு:
ஏவி நோடு வடிகட்டவும் செய்யும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல மேல் அறை நிமிஷத்துக்கு 350க்கு மேல தாறுமாறா துடிக்கும், ஆனா எல்லாத்தையும் இது கீழ விடாது. சிலருக்கு பிறவியிலயே அந்த தடுப்புல ஒரு எக்ஸ்ட்ரா தசை இழை ஓட்டை போட்டிருக்கும், டபிள்யூபிடபிள்யூன்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தா ஏவி நோடோட வடிகட்டல் இல்லாம அந்த இழை வழியா கீழ இறங்கிடும், அதனால ஆபத்து, வடிகுழாய் விட்டு அந்த இழைய சுட்டுடுவாங்க.